புத்தகம் போடுவதும் ஒரு வியாபாரம்தான்

எமது கரையோர ஊர்களில் புத்தக வெளியீட்டு விழாவுக்கான அழைப்பிதழ் கடைக்கு வராத மாதம் குறைவு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என எங்காவது ஒரு மண்டபத்தில் ஓர் ஆசிரியரோ, ஓய்வு பெற்ற அதிபரோ, இளம் கவிஞரோ தனது நூலை வெளியிடுகிறார். இவற்றில் பெரும்பாலானவை எழுதியவரே கைக்காசு போட்டு அச்சிட்டவை.

அழைப்பிதழோடு வருபவர்களிடம் நான் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பேன். "எத்தனை பிரதி அடிச்சீங்க தம்பி?" "ஐந்நூறு காக்கா." "விழா முடிஞ்ச பிறகு எத்தனை விற்கும்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது. சொந்தமாக நூல் வெளியிடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

சொந்த முயற்சியில் நூல் போடுவதை யாரும் குறைவாக நினைக்கத் தேவையில்லை. கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அவரது 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. பெரிய வெளியீட்டகம் ஒன்று வந்து கேட்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. இன்றும் இலங்கையில் தமிழ் நூல்களுக்கான சந்தை சிறியது. கையெழுத்துப் பிரதியை வாங்கி, தன் முதலைப் போட்டு அச்சிட்டு, எழுத்தாளருக்கு உரிமைத் தொகை கொடுக்கும் வெளியீட்டகங்கள் மிகக் குறைவு. ஆகவே எழுதியவரே முதலாளியாகவும் மாற வேண்டியிருக்கிறது. முதலாளியாக மாறுகிறவர் முதலாளியின் கணக்கையும் படித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எப்படி?

புத்தகச் செலவு இரண்டு வகை. தட்டச்சு, ஒப்புநோக்குதல், பக்க வடிவமைப்பு, அட்டைப்படம் போன்றவை எத்தனை பிரதி அடித்தாலும் மாறாத செலவு. தாள், அச்சு, பைண்டிங் ஆகியவை பிரதிக்குப் பிரதி கூடும் செலவு.

விளங்குவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். அச்சகத்துக்கு அச்சகம் விலை மாறும் என்பதால் இதை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாறாத செலவு 60,000 ரூபா, பிரதி ஒன்றுக்கு 300 ரூபா என்று வைப்போம். 500 பிரதி அடித்தால் மொத்தம் 210,000 ரூபா. ஒரு பிரதி 420 ரூபா. 200 பிரதி அடித்தால் மொத்தம் 120,000 ரூபா. ஒரு பிரதி 600 ரூபா. இதைப் பார்த்ததும் ஐந்நூறுதான் மலிவு என்று தோன்றும். எழுத்தாளர் விழும் குழி இதுதான்.

நூலின் விலை 1,000 ரூபா. விழாவில் 100 பிரதி விற்கிறது. கடைகளுக்கு 35 வீதக் கழிவில் 50 பிரதி போகிறது. கைக்கு வருவது 132,500 ரூபா. ஐந்நூறு அடித்தவருக்கு 77,500 ரூபா கையைக் கடிக்கும். வீட்டில் 350 பிரதி பெட்டியில் கிடக்கும். இருநூறு அடித்தவருக்கு 12,500 ரூபா மிஞ்சும். மீதி ஐம்பது பிரதிதான். மண்டப வாடகை, அழைப்பிதழ், தேநீர் எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. பிரதியின் அடக்கவிலையை அடித்த தொகையால் பிரித்துப் பார்க்கக் கூடாது, விற்கும் தொகையால் பிரித்துப் பார்க்க வேண்டும். பெருநாளைக்குச் சாரன் கொள்வனவு செய்யும் எந்த வியாபாரிக்கும் இது தெரிந்த விடயமே.

இப்போது டிஜிட்டல் அச்சு வந்துவிட்டது. ஐம்பது, நூறு பிரதிகள் கூட அடிக்கலாம். பிரதிக்கு விலை சற்றுக் கூடும். ஆனால் தேவைப்பட்டால் மறுபடி அடிக்கலாம். தாள் விலையும் எமது கையில் இல்லை. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்து, சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. அந்த மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. எனவே அச்சகத்தின் விலையை எழுத்தில் வாங்குங்கள். அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் அதிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

விழாவும் விற்பனையும்

எமது நாட்டில் தமிழ் நூல்களின் முதல் திரும்பி வரும் இடம் பெரும்பாலும் வெளியீட்டு விழா மேடைதான். முதற் பிரதியை ஒரு தனவந்தர் வாங்குவார். சிறப்புப் பிரதிகளை ஏனையோர் கடித உறையோடு வந்து பெற்றுக்கொள்வர். கொழும்பில் புரவலர் ஹாசிம் உமர் எத்தனையோ விழாக்களில் முதற் பிரதியை வாங்கி வந்தவர். அதோடு அவர் நின்றுவிடவில்லை. 'புரவலர் புத்தகப் பூங்கா' மூலம், அதுவரை நூல் வெளியிடாதவர்களின் முதல் நூலையும் அச்சிட்டுக் கொடுத்தார். இது பாராட்டப்பட வேண்டிய பணி.

ஆனால் விழாவை மட்டும் நம்பிய நூல் விழாவோடு முடிந்துவிடும். உறையில் காசு வைத்தவர் எல்லோரும் வாசகர் அல்லர். மறுநாள் காலையிலிருந்து செய்ய வேண்டியதே உண்மையான விற்பனை. கடைகள் பெரும்பாலும் விற்ற பிறகே காசு தரும். ஆகவே கொடுத்த பிரதி எத்தனை, திகதி என்ன, கழிவு எவ்வளவு என்று சிட்டை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கேட்க வெட்கப்படுபவருக்குக் காசு வந்து சேராது.

அச்சுக்கு முன்னரே முடிக்க வேண்டிய காரியங்களும் உண்டு. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் சர்வதேச தராதர நூல் இலக்கத்தைப் பெற வேண்டும். அந்த இலக்கமே நூலின் அடையாள அட்டை. அச்சபை நூல் வெளியீட்டு உதவித் திட்டமொன்றையும் நடத்தி வந்திருக்கிறது. விண்ணப்பம் கோரப்படுகிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுள் முழுவதும் அதன் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை செல்லும். உங்கள் பிள்ளைகளுக்கும் சேரும் சொத்து அது.

எமது ஊரிலேயே ஒரு முன்மாதிரி

இத்தனை கஷ்டத்துக்கு என்ன பலன் என்று கேட்கலாம். கல்முனையிலேயே பதில் இருக்கிறது. எம். ஏ. நுஃமான் 1969இல் இங்கிருந்து 'கவிஞன்' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். வாசகர் சங்கம் என்ற பெயரில் நூல்களும் வெளிவந்தன. யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்த கவிஞர் மஹாகவியின் 'கோடை' 1970இல் வாசகர் சங்க வெளியீடாக வந்தது. அடுத்த ஆண்டு கவிஞர் காலமானார். 1981இல் 'பலஸ்தீனக் கவிதைகள்' வெளிவந்தது. பின்னர் அது விரிவாக்கப்பட்டு மறுபதிப்பும் கண்டது. பெரிய முதல் இல்லாத ஒரு சிற்றூர் வெளியீடு நாடு முழுவதும் பேசப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பெயர். எழுத்தாளர் சங்கம் என்று வைக்காமல் வாசகர் சங்கம் என்று வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது இக்கரையோர வீடுகளில் இருந்த புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் பழைய புகைப்படங்களும் சேர்ந்தே போயின. வேறு ஊரில், வேறு வீட்டில், ஒரு நூலகத்தில் பிரதி இருந்த நூல் மட்டுமே மிஞ்சியது. ஐந்நூறு பிரதியை ஒரே அறையில் அடுக்கி வைப்பது நூலை ஊருக்குக் கொடுத்ததாகாது. ஐம்பது இடங்களில் ஐம்பது பிரதி இருந்தால் அதுவே பாதுகாப்பு. இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கும் நூலகம் திட்டம் 2005 முதல் இயங்கி வருகிறது. விற்பனை முடிந்த நூலை அங்கு சேர்க்க அனுமதி கொடுப்பதும் நல்லது.

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அழைப்பிதழ் வரும்போது முதற் பிரதிக்குப் பெரிய தொகை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதை விட, அதே தொகைக்கு இருபது பிரதிகளை வாங்கிப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுங்கள். எழுதியவருக்குச் சரக்குக் குறையும், பிள்ளைகளுக்கு வாசிக்கக் கிடைக்கும். மருதமுனைத் தறிகளின் கதையையும் பழைய கல்முனைச் சந்தையின் கதையையும் அறிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவற்றை எழுத முன்வரும் ஒருவர் முதல் நூலிலேயே கடனாளியானால் இரண்டாவது நூலை எழுத மாட்டார். அந்த நட்டம் அவருக்கு மட்டும் உரியதல்ல.