மனித வள முகாமைத்துவம் படித்தால் என்ன வேலை?

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் போதெல்லாம் வர்த்தகப் பிரிவு மாணவர்களின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கணக்கீடு என்றால் அவர்களுக்குப் புரிகிறது, வங்கி என்றாலும் புரிகிறது. மனித வளம் என்றதும், "ஆட்களை இன்டர்வியூ பண்ணுற வேலைதானே சேர், அதற்கு நாலு வருடம் எதற்கு?" என்கிறார்கள்.

நேர்முகப் பரீட்சை அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. நியமனக் கடிதம், சம்பளம், லீவு, பயிற்சி, பதவி உயர்வு, ஒழுக்காற்று விசாரணை என ஓர் ஊழியர் வேலைக்குச் சேர்ந்து விலகும் வரையான எல்லாமே இத்துறைக்குள் வரும். அவற்றுக்கு அடித்தளம் தொழில் சட்டங்கள்.

நமது கடைகளையே எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 50,000 ரூபா பெறும் ஒரு விற்பனையாளருக்கு, ஊழியர் சேமலாப நிதிக்காக அவரது சம்பளத்தில் 8 வீதம், அதாவது 4,000 ரூபா கழிக்கப்பட வேண்டும். முதலாளி தன் பங்காக 12 வீதம், 6,000 ரூபா சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம், 1,500 ரூபா முதலாளியே செலுத்த வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் உரித்தாகும். அதே சம்பளத்தில் 18 வருடம் உழைத்து விலகுபவருக்கு அது மட்டுமே 450,000 ரூபா. நியமனக் கடிதமே இல்லாமல் இத்தனை வருடம் உழைத்து, வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் எந்த ஊரில் இல்லை? எல்லா முதலாளிகளும் அநியாயம் செய்ய நினைப்பவர்கள் அல்லர். கணக்கு வைத்து முறைப்படி செய்ய ஆளில்லாத கடைகள் ஏராளம்.

படிக்கும் வழிகளைப் பார்த்தால், ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி பல்கலைக்கழகங்களில் இதற்கெனத் தனித் துறைகளே உள்ளன. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், 1959இல் ஆரம்பிக்கப்பட்ட சீ.ஐ.பீ.எம். நிறுவகத்தின் பாடநெறிகளை வேலை செய்துகொண்டே தொடரலாம். தனியார் நிறுவனங்களில் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் அங்கீகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். விளம்பரத்தின் அழகை நம்ப வேண்டாம்.

வேலைகள் பெரும்பாலும் மேல் மாகாணத்திலும் ஏற்றுமதி வலயங்களிலும்தான். ஆடைத் தொழிற்சாலை, ஹோட்டல், வைத்தியசாலை, வங்கி எதுவானாலும் ஊழியர்களோடு பேச சிங்களம் வேண்டும், கடிதம் எழுத ஆங்கிலம் வேண்டும். மூன்று மொழியும் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். நம் பிள்ளைகள் பலர் சறுக்குவதும் இந்த இடத்தில்தான். வளைகுடாவை மனதில் வைத்துப் படிப்பவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சவூதி அரேபியாவில் மனித வள முகாமையாளர் போன்ற பதவிகள் அந்நாட்டவருக்கே ஒதுக்கப்பட்டவை.

உயர்தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகப் பல மாதங்கள் சும்மா இருக்கிறார்கள். அந்த நாட்களில் பேச்சுச் சிங்களமும் எக்ஸலும் பழகலாம். தெரிந்த கடையொன்றில் இரண்டு மாதம் சம்பளப் பட்டியல் தயாரித்து, சேமலாப நிதிக்கு அனுப்பும் சீ படிவத்தையும் நிரப்பிப் பார்க்கட்டும். இந்தத் துறை தனக்குப் பிடிக்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.