மணமுறிவின் வாசலுக்கு அழைத்துச் செல்லும் சுமைகள்



பீடத்தின் முன் கைகோத்து, சாகும்வரை பிரியோம் என வாக்களித்த தம்பதியர், சில ஆண்டுகளுக்குள் வழக்கறிஞரைத் தேடிச் செல்வதை நம் பங்குகளிலும் காண்கிறோம். 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் 2001-இல் திருத்தப்பட்டபின், கிறிஸ்தவத் தம்பதியர் இருவரும் மனமொத்து மணமுறிவு கோரவும் வழி பிறந்தது. ஆனால் சட்டம் யாரையும் பிரிப்பதில்லை. அந்த வாசல்வரை அவர்களைக் கொண்டு செல்பவை அன்றாடச் சுமைகளே.

1. மறைத்த கடன்

மனைவிக்குத் தெரியாமல் நகை அடகுக்குப் போகிறது. கணவருக்குத் தெரியாமல் குழுக்கடன் வாங்கப்படுகிறது. வெளிப்படும் நாளில் தொகையைவிட மறைத்ததே அதிகம் வலிக்கிறது. கடனை அடைத்துவிடலாம், போன நம்பிக்கையை மீட்க நெடுநாள் ஆகும்.

2. இரு வீட்டாரின் தலையீடு

தாய் தந்தையை விட்டு மனைவியோடு ஒன்றித்திருத்தலைப் பற்றித் தொடக்கநூல் 2-ஆம் அதிகாரம் பேசுகிறது. நம் வீடுகளிலோ, தம்பதியர் பேசித் தீர்க்க வேண்டியதை மாமியாரும் மைத்துனரும் பேசுகிறார்கள். 1961-இலேயே தடை செய்யப்பட்ட வரதட்சணை, "சீர்" என்ற பெயரில் இன்னும் கேட்கப்படுகிறது.

3. தூரம்

வளைகுடா நாடுகளில் உழைப்பவர் ஒரு சில வாரங்கள் விடுமுறையில் வருகிறார். சொந்தப் பிள்ளையே அவரிடம் ஒட்டாமல் நிற்கிறது. இங்கே மனைவி தாயாகவும் தந்தையாகவும் தனித்து நிற்கிறாள். தொலைபேசியில் பணக்கணக்கு மட்டுமே பேசப்படும்போது, இருவரும் அறியாமலே அந்நியராகிறார்கள்.

4. குடி

மது முதலில் சம்பளத்தையும், பிறகு வீட்டின் அமைதியையும் விழுங்குகிறது. குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. அதை அவமானமாக எண்ணி மறைப்பதால் நோய் முற்றுகிறது.

5. குழந்தையின்மை

குறை கணவரிடமும் இருக்கலாம். ஆயினும் பழி பெரும்பாலும் பெண்மீதே விழுகிறது. பரிசோதனைக்கு வரக்கூடக் கணவர் தயங்குகிறார். மலட்டுத்தன்மை திருமணத்தைச் செல்லாததாக்குவதில்லை என்று திருச்சபைச் சட்டம் 1084 கூறுகிறது. பிள்ளை இல்லாத இல்லறமும் நிறைவான அருளடையாளமே.

இந்தச் சுமைகள் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உண்டு. பல வீடுகள் இவற்றைத் தாங்கி நிற்கின்றன. பேச்சு நின்று, ஒவ்வொருவரும் தனித்தனியே சுமக்கத் தொடங்கும்போதுதான் உறவு முறிகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2016-இல் வெளியான 'அமோரிஸ் லெத்தீசியா' என்னும் திருத்தூது ஊக்கவுரையில், அனுமதி கேட்டல், நன்றி கூறல், மன்னிப்புக் கேட்டல் ஆகிய மூன்றையும் குடும்பங்களுக்கு நினைவூட்டினார். மிக எளிய சொற்கள்தாம். ஆனால் வீட்டில்தான் நாம் அவற்றை அரிதாகச் சொல்கிறோம்.

வன்முறை வேறு

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிபட்டு வரும் பெண்ணிடம், "பொறுத்துப் போம்மா, அதுதான் உன் சிலுவை" என்று சொல்லி அனுப்புவது திருச்சபையின் போதனை அல்ல. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ பெரும் ஆபத்து விளைந்தால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது திருச்சபைச் சட்டம் 1153. தாமதம் ஆபத்தானால், அனுமதிக்குக் காத்திராமலே விலகலாம். சில வேளைகளில் பிரிவு அறநெறிப்படி அவசியமாகவும் ஆகலாம் என்று அதே ஊக்கவுரை கூறுகிறது. நாட்டுச் சட்டமும் 2006 முதல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி கேட்கலாம்.

மறைமாவட்டத் தீர்ப்பாயம் வழங்கும் செல்லாநிலைத் தீர்ப்பை "கத்தோலிக்க விவாகரத்து" எனச் சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. திருமண நாளிலேயே உண்மையான திருமணம் உருவானதா என்பதையே தீர்ப்பாயம் ஆராய்கிறது. மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாமல் வாழ்பவர், அந்தக் காரணத்தால் மட்டும் நற்கருணையிலிருந்து விலக்கப்படுவதில்லை. அவர்களைக் கோவிலின் கடைசி இருக்கைக்குத் தள்ளுவது நம் பார்வைகளே.

நாம் என்ன செய்யலாம்?

தம்பதியரே, வாரம் ஒருமுறை கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டு, கடன் உட்பட அனைத்தையும் மனம்விட்டுப் பேசுங்கள். பேச முடியாத நிலை வந்தால், வழக்கறிஞரைத் தேடுமுன் பங்குத்தந்தையையோ குடும்ப நல ஆலோசகரையோ நாடுங்கள். பெற்றோரே, கேட்டால் மட்டும் அறிவுரை கூறுங்கள். அன்பியத்தாரே, கூட்டத்திற்கு வருவதை நிறுத்திவிட்ட குடும்பம் ஏதேனும் உண்டா? வம்பு பேச அல்ல, நலம் கேட்க இந்த வாரமே அந்த வீட்டிற்குச் சென்று வாருங்கள்.

கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்ததை முதலில் கவனித்தவர் அன்னை மரியா. அவர் யாரையும் குறை கூறவில்லை, இயேசுவிடம் சொன்னார். அடுத்த வீட்டில் தீர்ந்துபோன மகிழ்ச்சியைக் கவனிக்கும் கண்களை நமக்கும் தர இறைவனை வேண்டுவோம்.