வாலைப் பிடித்தால் வோட்கா!

ரஷ்யாக்காரரும் நம்மாளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இரண்டு பேருக்கும் அது 'தண்ணி'தான்! ரஷ்ய மொழியில் தண்ணீர் என்றால் 'வோடா'. அதன் பின்னால் 'கா' என்று ஒரு வாலை ஒட்டினால் வோட்கா. செல்லமாகச் சுருக்குகிற வால் அது. ஆக, வோட்கா என்றால் 'குட்டித் தண்ணி'. (குட்டியா, பெரிசா என்பது எழுந்து நிற்கும்போது தெரியும்!)

இந்த வாலுக்குத் தமிழ் வாத்தியார் வைத்த பெயர் விகுதி. பரீட்சையோடு மறந்திருப்பீர்கள். ஐரோப்பாவில் அது போடுகிற ஆட்டம் இருக்கிறதே... ஸ்பானிஷில் 'மோஸ்கா' என்றால் ஈ. 'இட்டோ' சேர்த்தால் மொஸ்கிட்டோ, குட்டி ஈ. 'கெர்ரா' என்றால் போர். குட்டிப் போர்தான் கெரில்லா.

போர்ச்சுகீஸ் வால்கள் ஃபுட்பால் கூட ஆடும். 1994 உலகக் கோப்பை பிரேசில் டீமில் இரண்டு ரொனால்டோ. என்ன செய்ய? தடுப்பாட்டக்காரர் 'ரொனால்டாவ்' ஆனார், பெரிய ரொனால்டோ. 17 வயதுப் பொடியன் 'ரொனால்டினோ'; சின்ன ரொனால்டோ. 1996 ஒலிம்பிக்ஸிலும் டீமில் மூத்த ரொனால்டோ ஒருத்தர் இருந்ததால், பொடியனின் பனியனில் 'ரொனால்டினோ' என்றே எழுதியிருந்தது. 1999-ல் இன்னொரு இளசு வந்து சேர்ந்ததும் வால் அவருக்குக் கைமாறியது. 2002 கோப்பையை இரண்டு பேரும் சேர்ந்தே தூக்கினார்கள்!

1957 அக்டோபர் 4-ல் விண்ணுக்குப் போன ஸ்புட்னிக்கில் உள்ள 'நிக்', நம்ம 'காரன்' மாதிரி. 'கூடவே வழி நடப்பவன்' என்று அர்த்தம். மறு வருஷமே ஸான்ஃபிரான்சிஸ்கோ பத்திரிகையாளர் ஹெர்ப் கேன் அந்த வாலை வெட்டி இங்கிலீஷில் ஒட்டி, 'பீட்னிக்' என்று ஊர் சுற்றும் இளைஞர்களுக்குப் பட்டம் கட்டிவிட்டார்.

எல்லா வாலும் செல்ல வால் இல்லை, சார். மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் வளர்ப்பு அப்பா வெறும் நவ்ராட்டில்தான். செக் மொழியில் பெண் என்றால் குடும்பப் பெயரோடு 'ஓவா' வந்து ஒட்டிக்கொள்ளும். 'இன்னாருடைய' என்று உரிமை சொல்லும் விகுதியிலிருந்து பிறந்தது அது. அந்நியரையும் விடுவதில்லை. ஹாரி பாட்டரின் செக் பதிப்பு அட்டையில் ஆசிரியர் பெயர், ஜே.கே. ரௌலிங்கோவா!

'எனக்கு வேண்டாம்' என்று ஒரு செக் பெண் சொன்னால் சர்க்கார் ஆபீஸில் காரணம் காட்ட வேண்டியிருந்தது. கணவர் வெளிநாட்டுக்காரர், வெளிநாட்டில் குடியேறப் போகிறேன், இப்படி. 2022 ஜனவரி 1 முதல் காரணமே தேவையில்லை.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. செக்கில் அடித்தது யார், அடி வாங்கியது யார் என்பதைச் சொல்வதும் பெயரின் வால்தான். 'ஓவா' போனால் அந்தப் பெண்ணின் பெயர் வேற்றுமை உருபு ஏற்காது. இரண்டு வீராங்கனைகள் மோதினால், ஜெயித்தது யார் என்று தலைப்பு எழுதுவதற்குள் உதவி ஆசிரியருக்கு வியர்த்துவிடும். வியர்க்கட்டுமே! அதற்குத்தானே சம்பளம்?