யாருடைய வண்டி?

சரித்திரத்தை நடித்துக் காட்டுவோருக்குத் தொப்பியும் துவக்கும் செய்து கொடுப்பவன், தான் செய்வது விளையாட்டுப் பொருளென்றே எண்ணுவான். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு பழைய துவிச்சக்கரவண்டி.

சென்ற ஆண்டு சில மாதங்கள் மலேசியாவின் ஈப்போ நகரில் என் தமக்கையாரின் மகனுடன் தங்கியிருந்தேன். மருமகன் சரித்திர ஆசிரியர். நானோ யாழ்ப்பாணத்திலே மாணவருக்கு உலோகவேலை கற்பித்து இளைப்பாறியவன். “மாமா, எங்கள் பிள்ளைகள் கம்பார்ப் போரை நடித்துக் காட்டப் போகிறார்கள். யப்பானியச் சிப்பாய் ஓட்டிய சைக்கிள் ஒன்றை அப்படியே செய்து தருவீர்களா?” என்று ஒருநாள் கேட்டார்.

ஈப்போவுக்குத் தெற்கேயுள்ளது கம்பார். 1941 டிசெம்பர் 30 முதல் 1942 சனவரி 2 வரை, பிரித்தானியரும் இந்தியரும் கூர்க்கரும் அடங்கிய படை அங்கே யப்பானியரைத் தடுத்து நின்றது. ஆயினும் படையெடுப்பு நிற்கவில்லை. 1941 டிசெம்பர் 8 ஆந் திகதி கரையிறங்கிய யப்பானியர், சுமார் 1,100 கிலோமீற்றர் தூரத்தை 55 நாளிற் கடந்து ஜொகூர் பாருவை அடைந்தனர். அவ்வேகத்துக்குச் சைக்கிளும் ஒரு காரணம். பாலங்கள் தகர்க்கப்பட்டபோது மோட்டார் வண்டிகள் தங்கி நின்றன; சிப்பாய்களோ சைக்கிளைத் தோளிலே தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தனர். படையெடுப்பைத் திட்டமிட்டவர்களுள் ஒருவரான சுஜி மசனோபு, ஒரு டிவிசனுக்குச் சுமார் 6,000 சைக்கிள்கள் இருந்தனவென்று பின்னாளில் எழுதினார். வழியிலே குடிமக்களிடமிருந்து பறிக்கப்பட்டவையும் பல. யப்பானியச் சைக்கிள்கள் போருக்கு முன்னரே மலாயாவில் மலிவாக விற்கப்பட்டமையால், உதிரிப்பாகங்களுக்கும் குறைவில்லை.

ஆகவே நான் செய்ய வேண்டியது விசேடமான போர்க்கருவியன்று. அக்காலத்துச் சாதாரண சைக்கிளே. பழைய இரும்புக் கடையொன்றில், 28 அங்குலச் சில்லும் இரும்பு றிம்மும் கொண்ட வண்டியொன்று அகப்பட்டது. பழைய ஆங்கில முறைப்படி முன் சில்லுக்கு 32 கம்பியும், பாரந் தாங்கும் பின் சில்லுக்கு 40 கம்பியும் பூட்டினேன். கம்பி பிறேக்கைத் துருநீக்கிச் சீராக்கினேன். தோற்சீற்றும் பின் கரியரும் பொருத்தினேன். செயின் கவரிலே வெள்ளை மையால் எழுதிய பெயரொன்று பாதி அழிந்து கிடந்தது. அதனை அரத்தாளால் நன்கு தேய்த்து, மேலே கரும்பச்சை மை பூசினேன். வேலை முடிந்தபோது என் கைத்திறனில் எனக்கே பெருமை.

ஒரு சோதனை எஞ்சியிருந்தது. மலாயாவின் வெயிலில் ரயர் வெடித்தபோது, யப்பானியர் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் றிம்மிலேயே ஓடினர். இரவில் அவ்வொலியைக் கேட்டோர் டாங்கிகள் வருகின்றனவென்று மயங்கினராம். நாங்களும் ரயர்களைக் கழற்றினோம். கம்பி பிறேக்கின் கட்டைகள் றிம்மின் உட்புறத்தையே பற்றுவதால், ரயரின்றியும் வண்டி நின்றது. மாலை மங்கியபின் ஒரு மாணவன் வீட்டு முன்றலின் தார்வீதியில் அதனை ஓட்டினான். ஒரு வண்டி எழுப்பிய இரைச்சலே பற்கூசச் செய்தது. நூறு வண்டிகள் ஒருங்கே வந்தால் எப்படியிருக்குமென்று எண்ணிக்கொண்டேன்.

உள்ளிருந்து மருமகனின் அப்பாச்சி தடியூன்றி வெளியே வந்தார். எனக்கு அவர் மாமி முறை. வயது 90 ஐக் கடந்தவர். அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று, ஈப்போவுக்கும் கம்பாருக்கும் இடையே ஒரு றப்பர்த் தோட்டத்திலே கிராணியாராயிருந்தவர். மாமி வண்டியை நெடுநேரம் பார்த்தார்.

“சத்தம் சரி தம்பி. ஆனால் இது யாருடைய வண்டி?”

“யப்பானியருடையது, மாமி.”

“இல்லை. ஐயாவின் வண்டியை றோட்டில் மறித்துப் பறித்தார்கள். ஐயா இருட்டில் நடந்து வீட்டுக்கு வந்தார். செருப்பும் கையிலேதான் இருந்தது. செயின் கவரில் அவர் பெயர் எழுதியிருந்தது. இதில் பெயரைக் காணவில்லையே?”

நான் தேய்த்து அழித்த அந்தப் பெயர் அப்போது நினைவுக்கு வந்தது. எனினும் ஆசிரியப் புத்தி விடவில்லை. “படையினர் பெயரை அழித்திருப்பார்கள் அல்லவா?” என்றேன்.

“ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு மை பூச எங்கே நேரம்?” என்றார் மாமி.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. 55 நாளில் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிய படை, பறித்த வண்டிகளையெல்லாம் அலங்கரித்துக்கொண்டிருந்திராது. கரும்பச்சை மை என் கற்பனை, பெயரே சரித்திரம்.

அழித்த பெயரை மீட்க முடியவில்லை. எத்தனை எழுத்து என்பதும் நினைவில்லை. மறுநாட் காலை பச்சையைச் சுரண்டிக் கறுப்பு மை பூசி, மாமி சொல்லச் சொல்ல, அவருடைய தந்தையாரின் பெயரை வெள்ளை மையால் எழுதினேன். மருமகனும் நடிப்பின் தொடக்கத்தில் ஒரு காட்சியைச் சேர்த்தார். வீதியில் வரும் கிராணியாரைச் சிப்பாய்கள் மறிக்கிறார்கள், அவர் இறங்குகிறார், வண்டி போகிறது. செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு அவர் எதிர்த்திசையில் நடக்கிறார். பேச்சு ஒன்றுமில்லை.

அன்று முன்வரிசையில் மாமி அமர்ந்திருந்தார். துவக்கு முழங்கியபோது பிள்ளைகள் கைதட்டினர். மாமி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நடந்து சென்ற பையன் திரைக்குப் பின்னே மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.