எலும்பு வளர இடம் தரும் பீங்கான்: ஆய்வகத்தைத் தாண்டுவது எப்போது?

புது தில்லி: விபத்தில் நொறுங்கிய எலும்பின் இடைவெளியையும், கட்டியை அகற்றிய பின் எலும்பில் ஏற்படும் பள்ளத்தையும் நிரப்பப் பயன்படும் நுண்துளைப் பீங்கானைத் தயாரிக்கும் நுட்பம், நமது அரசு ஆய்வகங்களுக்குப் புதியதல்ல. ஆனால், அது அரசு மருத்துவமனையில் காத்திருக்கும் ஏழை நோயாளியைச் சென்றடைவது, மத்திய, மாநில அரசுகளின் கொள்முதல் மற்றும் விலைக் கொள்கைகளைப் பொருத்தே அமையும்.

நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து சிறு பகுதியை எடுத்துப் பள்ளத்தை நிரப்புவதே நெடுங்காலமாக உள்ள சிகிச்சை முறை. இதனால் உடலில் மற்றொரு காயம் ஏற்படுகிறது. எடுக்கக்கூடிய எலும்பின் அளவும் குறைவு. இதற்கு மாற்றாக வந்ததே ஹைட்ராக்ஸி அபடைட் எனும் கால்சியம் பாஸ்பேட் பீங்கான். எலும்பின் கனிமப் பகுதியை இது பெரிதும் ஒத்தது.

துளைகளின் பணி: இந்தப் பீங்கானின் பயன் அதன் துளைகளில் இருக்கிறது. துளைகள் சுமார் 100 மைக்ரானுக்கு (ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) மேல் இருந்து, ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் ரத்த நாளங்களும் எலும்புத் திசுவும் உள்ளே வளர முடியும். அதே வேளையில், துளைகள் பெருகினால் வலிமை குறையும். எனவே, உடல் எடையைத் தாங்கும் இடங்களில் உலோகத் தகடு போன்றவற்றின் துணையும் தேவைப்படுகிறது.

பவளமும் முட்டை ஓடும்: இத்தகைய துளை அமைப்பு பவளத்தில் இயற்கையாகவே உள்ளது. பவளத்தை ஹைட்ராக்ஸி அபடைட்டாக மாற்றும் முறையை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானி டெல்லா ராய் 1974-இல் வெளியிட்டார். இந்தியப் பவளத்திலிருந்து அதைத் தயாரித்த ஆய்வைச் சென்னை விஞ்ஞானிகள் 1996-இல் வெளியிட்டனர்.

ஆனால், மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டுவந்த பவளப்பாறைகள் 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. முட்டை ஓட்டுக் கழிவிலிருந்து அதே பொருளைத் தயாரிக்கும் முறையைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டனர். முட்டை உற்பத்திக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லைக் கொண்ட மாநிலத்துக்கு இது பொருத்தமான வழி.

முட்டை ஓட்டில் பவளத்தின் துளை அமைப்பு இல்லை. எனினும், பீங்கான் குழம்பில் நனைத்த பஞ்சை உலையில் சுட்டால், பஞ்சு எரிந்து மறைந்து துளைகள் எஞ்சும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனமும், கொல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிறுவனமும் மருத்துவப் பயன்பாட்டுக்கான ஹைட்ராக்ஸி அபடைட் பொருள்களை உருவாக்கியுள்ளன.

விலையும் கொள்முதலும்: எலும்பியல் உள்பொருத்திகள் 2005 அக்டோபரில் மருந்துச் சட்டக் கட்டுப்பாட்டின் கீழ் கொண்டுவரப்பட்டன. மருத்துவ சாதன விதிகள் 2018 ஜனவரி முதல் அமலில் உள்ளன. பாதுகாப்புக்கு இக்கட்டுப்பாடு அவசியமே. ஆனால், மருத்துவப் பரிசோதனைகளுக்கான செலவையும் காலத்தையும் ஆய்வகம் தனியாகச் சுமக்க இயலாது.

2017-இல் இதய ஸ்டென்ட்டுகளுக்கும் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கும் மத்திய அரசு விலை உச்சவரம்பு நிர்ணயித்தது. எலும்பு நிரப்பும் பொருள்கள் அந்த ஆணைகளில் இடம்பெறவில்லை. நாட்டின் மருத்துவ சாதனத் தேவையில் 70 முதல் 80 சதவீதம் வரை இறக்குமதியே என மதிப்பிடப்பட்டுவரும் நிலையில், 2023-இல் தேசிய மருத்துவ சாதனக் கொள்கைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

வழி இல்லாமல் இல்லை. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் அதைத் தனியார் நிறுவனம் வணிகரீதியாகத் தயாரித்து, இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையில் வழங்கியது. மருந்துக் கொள்முதலில் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகத் திகழும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் நம்மிடம் உள்ளது.

தரச் சோதனையில் தேறும் உள்நாட்டுப் பீங்கானுக்கு அரசு மருத்துவமனைகள் நிலையான கொள்முதலை உறுதி செய்தால், தயாரிப்பாளர்கள் முன்வருவர், விலையும் குறையும். மக்கள் வரிப்பணத்தில் விளைந்த ஆய்வு, ஆய்விதழ்களோடு நின்றுவிடக் கூடாது. இதை நாடாளுமன்றத்தில் வலியுறுத்த வேண்டிய பொறுப்பு தமிழக உறுப்பினர்களுக்கும் உண்டு.