குளிரும் போரும்



2004ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய பள்ளியில் போலியோ சொட்டு மருந்து முகாம் நடைபெற்றது. குழந்தைகளை இடுப்பில் ஏந்திய தாய்மார் வாயில் வரை வரிசையாக நின்றனர். செவிலியர் அம்மையார் பெட்டியைத் திறந்து, ஒரு மருந்துக் குப்பியை எடுத்து உற்றுப் பார்த்தார். கொடுக்காமல் தனியே வைத்துவிட்டார். அடுத்த குப்பியையும் அவ்வாறே ஒதுக்கினார்.

"மருந்து நிறைய இருக்கிறதே, அம்மா! ஏன் தாமதம்?" என்று நான் சற்றுப் பொறுமையிழந்து கேட்டேன்.

குப்பியின்மேல் ஒட்டியிருந்த ஒரு சிறு வட்டத்தை அவர் காட்டினார். அவ்வட்டத்தின் நடுவே ஒரு சதுரம் இருந்தது. "சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது, ஐயா. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் மருந்து வெப்பத்தால் ஆற்றல் இழந்துவிட்டது என்று பொருள். இது இங்கே வந்து கெட்டதன்று. வரும் வழியில் எங்கோ ஓரிரு நாள் வெப்பத்தில் கிடந்திருக்கிறது. எங்கே என்று இனி யார் சொல்ல முடியும்?" என்றார்.

வேறு பெட்டி வரும்வரை தாய்மார் காத்திருந்தனர். நானோ அவருடைய கேள்வியையே எண்ணிக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன பால் திரிந்து காட்டும். பழம் நாற்றமெடுத்துக் காட்டும். தடுப்பு மருந்தோ நிறமும் மாறாது, மணமும் மாறாது. அந்தச் சிறு சதுரம் மட்டும் இல்லையென்றால், காப்புப் பெற்றுவிட்டோம் என்ற நம்பிக்கையோடு அக்குழந்தைகள் காப்பின்றி வீடு திரும்பியிருப்பார்கள்.

தடுப்பு மருந்துகளுள் பெரும்பாலானவற்றை 2 பாகை முதல் 8 பாகை சென்டிகிரேடுக்குள் வைத்துக் காக்க வேண்டும். செய்யும் ஆலை முதல் குழந்தையின் வாய் வரை, விமானம், கிடங்கு, வண்டி, கிராமத்துச் சுகாதார நிலையம் ஆகிய எல்லா இடங்களிலும் அக்குளிர் இடையறாது தொடர வேண்டும். இதனையே குளிர்ச்சங்கிலி என்கிறோம். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோலக் குளிரைச் சேமித்து வைத்துவிட முடியாது. அதனை ஒவ்வொரு நாளும் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அமைதிக் காலத்திலேயே சிறு கவனக்குறைவால் அறுந்துபோகும் இச்சங்கிலி, போர்க் காலத்தில் என்னவாகும்? போர் அதனைத் தாக்கும் இடங்கள் மூன்று: வழி, தொழிற்சாலை, மின்சாரம். இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் வழி. குளிர் செய்யும் இயந்திரங்கள் பெருகுமுன், குளிரே ஒரு வாணிபச் சரக்காக இருந்தது. அமெரிக்காவின் வடபகுதி ஏரிகள் குளிர்காலத்தில் உறையும்போது பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினர். 1833இல் பாஸ்டனிலிருந்து 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்ட கப்பல், ஏறத்தாழ நான்கு மாதம் கடலில் வந்து கல்கத்தாவை அடைந்தபோது, சுமார் 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இவ்வாணிபத்திற்காகக் கட்டப்பட்டதே. இன்று விவேகானந்தர் இல்லமாக நீங்கள் காணும் கட்டடம் அதுவே.

அமெரிக்காவின் தென் மாநிலங்களும் அதே வடபகுதிப் பனிக்கட்டியையே நம்பியிருந்தன. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வடபகுதி அரசு தென்துறைமுகங்களைக் கப்பற்படையால் முற்றுகையிட்டது. பனிக்கட்டி வரும் வழி அடைபட்டது. அப்போது பிரெஞ்சுக்காரரான பெர்டினாண்டு கார்ரே அமைத்த இயந்திரங்கள் சில, முற்றுகைக்குத் தப்பித் தென்னகத்தை அடைந்தன. அவற்றின் தத்துவம் எளியது. நீரில் கரைந்துள்ள அம்மோனியாவைச் சூடேற்றினால் அது வாயுவாகப் பிரியும். அதனைக் குளிர்வித்துத் திரவமாக்கலாம். அத்திரவம் மீண்டும் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். அதனால் அருகிலுள்ள நீர் உறையும். அடுப்புத் தீயைக்கொண்டே பனிக்கட்டி செய்த விந்தை இது! டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் இவ்வியந்திரம் மேலும் திருத்தம் பெற்றது.

இதைக் கொண்டு, போர் அறிவியலை வளர்க்கிறது என்று சிலர் வாதிடுவர். அவ்வாறு முடிவு கட்டலாகாது. கார்ரே தம் இயந்திரத்திற்கு உரிமம் பெற்றது 1859இல். அதாவது, அமெரிக்காவில் போர் மூள்வதற்கு முன். கண்டுபிடிப்பு அமைதியின் பிள்ளை; போர் அதற்கு உண்டாக்கியது தேவையை மட்டுமே.

அடுத்து, தொழிற்சாலை. இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்ட அமெரிக்க அரசு, 1942ஆம் ஆண்டு ஏப்ரலோடு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளின் உற்பத்தியை நிறுத்தச் செய்தது. செம்பும் உருக்கும் படைக்கருவிகளுக்கு வேண்டியிருந்தன. பிரிஜிடேர் நிறுவனம் இயந்திரத் துப்பாக்கிகளைச் செய்தது. கெல்வினேட்டர் பெயர் தாங்கிய நிறுவனம் விமானச் சுழல்விசிறிகளைச் செய்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் ஓடவேண்டிய பிரியான் வாயுவுங்கூட, போர்முனையில் கொசுக்களைக் கொல்லும் தெளிப்பான்களுக்குச் சென்றது.

அந்நாளில் ஓர் அரசின் ஆணையால் நின்ற உற்பத்தி, இந்நாளில் ஆணையேதும் இன்றியே தடுமாறக்கூடும். ஒரு குளிர்சாதனப் பெட்டியின் பகுதிகள் ஒரே நாட்டில் பிறப்பதில்லை. அதன் செம்பு சிலி நாட்டில் தோண்டப்பட்டிருக்கலாம். மின்னணுச் சில்லு தைவானில் உருவாகியிருக்கலாம். குளிர்பதன வாயுக்கள் பலவற்றிற்கு மூலமான புளோரைட் கனிமத்தில், உலக உற்பத்தியின் பாதிக்கு மேல் சீனாவில் கிடைக்கிறது. இவற்றுள் ஒன்று வாராது நின்றாலும் மற்றவை கிடங்கில் காத்துக் கிடக்க வேண்டியதே.

வருகின்ற வழியோ எப்போதும் திறந்திருப்பதில்லை. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. ஆசியாவிலிருந்து ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல சூயஸ் கால்வாயை விடுத்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் சுமார் பத்து நாள் நீண்டது. துணி மூட்டைக்குப் பத்து நாள் தாமதம் ஒரு பொருட்டன்று. குளிரூட்டிய பெட்டிக்குள் இருக்கும் திராட்சைக்கோ அது ஆயுளில் ஒரு பங்கு. அப்பெட்டிக்கு அத்தனை நாளும் மின்சாரம் கொடுக்க வேண்டும். பெட்டி திரும்பிவரத் தாமதமானால், அடுத்த விளைச்சலை ஏற்றப் பெட்டி கிடைப்பதும் அரிதாகும்.

மூன்றாவது மின்சாரம். இதுவே மிகக் கொடியது. சிரியா நாட்டில் 1999க்குப் பின் போலியோ நோய் காணப்படவில்லை. 2011இல் அங்கு உள்நாட்டுப் போர் தொடங்கியது. மருத்துவமனைகள் தகர்ந்தன, மின்சாரம் தடைபட்டது, தடுப்பு மருந்து செல்லும் பாதைகள் அறுந்தன. 2013இல் போலியோ மீண்டும் தலைகாட்டிற்று. நோயுற்றோர் பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள்; போர் தொடங்கிய பிறகு பிறந்தவர்கள். எப்பக்கத்துப் படையும் அவர்களைக் குறிவைக்கவில்லை என்றே கொண்டாலும், போர் அவர்களைத் தேடிச் சென்று கால்களைப் பறித்தது.

இத்தகைய இடங்களுக்கென இயந்திரம் செய்வோர் இப்போது வேறு வழி கண்டுள்ளனர். மின்கம்பியையும் மின்கலத்தையும் நம்பாத சூரிய ஒளிக் குளிர்பதனப் பெட்டி அது. பகலில் வெயிலால் இயங்கித் தன்னுள் இருக்கும் நீரை உறையச் செய்யும். இரவிலும் மேகமூட்டத்திலும் அவ்வுறைபனியே மருந்தைக் காக்கும். குளிரைச் சேமிக்க முடியாது என்று முன்னே கூறினேன். அதைச் சில நாளேனும் சேமிக்கும் முயற்சி இது. இரும்பில் எத்துணைக் கணு அறுந்தாலும் ஒரு கணுவாவது தனித்து நிற்கட்டும் என்பதே இதன் நோக்கம்.

நம் நாட்டில் இயற்கைப் போலியோ வைரசால் நோயுற்றவர் கடைசியாகக் காணப்பட்டது 2011 ஜனவரியில். 2014இல் இந்தியா அந்நோய் நீங்கிய நாடு என்று சான்று பெற்றது. அதற்குக் காரணம் மருந்து மட்டுமன்று. அறுபடாத வழியும், ஓயாத தொழிற்சாலையும், அணையாத மின்சாரமும், ஒரு சிறு சதுரத்தை உற்றுப் பார்த்த செவிலியரின் கண்களுமே. அமைதி என்றால் என்ன என்று என்னிடம் கேட்கும் மாணவரிடம் நான் நீண்ட விளக்கம் கூறுவதில்லை. அந்தக் குப்பியின் மேலிருந்த வெளிறிய சதுரத்தைப் பற்றியே கூறுகிறேன்.