இடது காலுக்கு லீவு! ஆட்டோமேட்டிக் கார் வாங்குவோர் உஷார்!!

மதுரை-
விளக்குத்தூணில் இருந்து கீழவாசல் போய்ச் சேருவதற்குள் கிளட்சை எத்தனை முறை மிதிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தவர் உண்டா? நடந்து போகிறவர் முந்திப் போய் விடுகிறார். காரில் இருப்பவரின் இடது முட்டி "என்னை விட்டுடுப்பா" என்று கெஞ்சுகிறது.

15 ஆண்டு பதிவு முடிந்த காரை எப்.சி. காட்டி இன்னும் 5 ஆண்டு ஓட்டுவதா? இல்லை, தள்ளிவிட்டு கிளட்ச் மிதி இல்லாத வண்டி வாங்குவதா? கையில் இருப்பதோ 4 லட்சம், நகையை வைத்தால் 5 லட்சம். இதில் ஆட்டோமேட்டிக் தேறுமா? பழைய வண்டி தேறும். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். விவரம் வருமாறு:-

ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒன்றல்ல. மலிவானது ஏ.எம்.டி. 2014-ல் மாருதி செலேரியோவில் முதலில் வந்தது. பிறகு ஆல்டோ கே10, வேகன் ஆர், நானோ, க்விட் என்று பரவியது. இதில் கியர் பெட்டி பழையதுதான், கிளட்சும் உண்டு. நம் காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது, அவ்வளவே! கியர் மாறும்போது லேசாகத் தலையை ஆட்டும். ஆனால் மைலேஜ் கியர் வண்டிக்குச் சமமாகக் கிடைக்கும்.

டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. வண்டிகள் வெண்ணெய் மாதிரி போகும். கியர் பெட்டி கெட்டால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். ஆயில் மாற்றிய ரசீது இல்லாத வண்டியைத் தொடாதீர்கள்.

பாலத்தில் பாருங்கள்

புரோக்கர் காலி ரோட்டில் ஓட்டிக் காட்டுவார். ஏமாறாதீர்கள். ஆண்டாள்புரம் பாலத்து ஏற்றத்துக்குக் கொண்டு போங்கள். பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து நிறுத்தி எடுங்கள். ஏ.எம்.டி. கொஞ்சம் பின்னால் உருளலாம். கை பிரேக் போட்டு எடுக்க வேண்டும். எஞ்சின் உறுமியும் வண்டி நகரவில்லையா, கருகல் வாடை வருகிறதா? கிளட்ச் போச்சு! புது கிளட்ச் போட்டால் கம்ப்யூட்டரிலும் அதைப் பதிய வேண்டும். அந்தக் கருவி இல்லாத ஷெட்டில் விட்டால் தலைவலிதான்.

வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பார்ட்டி முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புது வண்டி விலையையும் விசாரித்துக்கொண்டு பழசுக்குப் பேரம் பேசுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் படிவம் 35 வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30.

கால் பத்திரம்!

இதுதான் முக்கியம். இருபது வருடம் கிளட்ச் மிதித்த இடது கால் சும்மா இருக்காது. பழக்கதோஷத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். பின்னால் வரும் ஷேர் ஆட்டோ முட்டி நிற்கும். பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டுக்கும் வலது கால்தான். இடது காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் ஊருக்கு வெளியே காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள். தெப்பக்குளம் பக்கம் மட்டும் வேண்டாம், வாக்கிங் கூட்டம் அதிகம்!